அணைக்குளத்தில் இரண்டு வள்ளம்

1

நான் துப்புரவு வேலை செய்கிற அலுவலகத்தில் ஆட்களைக் காண்பதில்லை. அவர்கள் வரமுன் நான் போய்விட வேண்டும். ஆனாலும் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். குப்பைக் கூடை சொல்லிவிடும். மூலை மேசைக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டார், ஜன்னலோரத்து அம்மா திரும்பவும் தொடங்கிவிட்டார். போன கிழமை அந்த அம்மாவின் கூடைக்குள் ஒரு செய்தித்தாள் கிடந்தது. மழை இல்லாத கோடை, அணைக்குளம் வற்றிப்போனது என்று படம் போட்டிருந்தார்கள். கரை எல்லாம் வெறும் கல்லும் வெடித்த சேறும். நடுவில் மட்டும் தண்ணீர். ஓரத்தில் சிவப்புத் தகரம் போட்ட ஒரு கொட்டில், அதன் முன்னால் வள்ளங்கள்.

அந்தக் கொட்டிலை எனக்குத் தெரியும். கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாவின் கதிரையில் இருந்துவிட்டேன். அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்போதும் இப்படி வற்றின கோடைதான்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டால் நகரத்தில் ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. சில்லு மேலே, பெட்டி கீழே. இதை ஒருமுறை மாமிக்கு எழுதினேன். "வெளிநாடு போன கையோடை பொய்யும் எழுதப் பழகியிட்டாள்" என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். பரவாயில்லை. அதைவிட நம்ப முடியாத ஒன்றை இன்றைக்கு எழுதுகிறேன். இந்த நாட்டில் என் புருஷனை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு குளத்தின் நடுவில். அவர் ஒரு வள்ளத்தில், நான் இன்னொரு வள்ளத்தில். நம்புகிறவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

2

இப்போது நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு அறை, ஒரு குசினி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அவருக்கு ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவுகிற வேலை. அவர் வரும்போது நான் நித்திரை. நான் வெளிக்கிடும்போது அவர் நித்திரை. ஒருவர் எழும்பினாலும் மற்றவர் கிடப்பதால் எங்கள் கட்டில் சூடு ஆறுவதேயில்லை. "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று மாமி எழுதிக் கேட்கிறார். உங்கள் மகனும் நானும் ஒரே நேரத்தில் முழித்திருந்தால்தானே மாமி என்று எழுதக் கை துடிக்கும். எழுதுவதில்லை. ஏற்கெனவே எனக்குப் பொய்க்காரி என்று பெயர்.

திங்கட்கிழமை அவருக்கு லீவு. நானும் மத்தியானம் வந்துவிடுவேன். அதுதான் எங்களுக்குக் கிடைக்கும் நாள்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கிடந்ததைத்தான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் தொலைக்காட்சியைப் போடுவார். அதில் பேசுவது எங்கள் இருவருக்கும் அரைவாசிதான் விளங்கும். ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். நான் உடுப்பு மடிப்பேன். மடித்ததை எடுத்துத் திரும்பவும் மடித்த நாளும் உண்டு.

அவரைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குடி இல்லை, சத்தம் இல்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில் தருகிற மனிசன். சண்டை பிடிக்கவாவது ஒரு குறை வேண்டாமா? அதுவும் இல்லை. தனியாக இருந்த காலத்தில் தனிமை எனக்குப் பழகியிருந்தது. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது வருகிற தனிமைதான் பழக மாட்டேன் என்கிறது. இந்த மனிசனுக்கும் எனக்கும் கதைக்க ஏதாவது இருக்கிறதா, அல்லது ஒரே கதவுக்கு ஆளுக்கொரு திறப்பு வைத்திருக்கிற இரண்டு பேர்தானா நாங்கள்? இது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அந்தக் கதிரையில் இருந்தபோது தோன்றியது.

3

நான் அனலைதீவுக்காரி. பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் சரி, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் என்றாலும் சரி, லாஞ்சு ஏறிக் கடல் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கோண்டாவில். செம்மண் தோட்டம், கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றையும் எட்டிப் பார்க்காமலே தண்ணீர் இறைக்கிற ஆள். கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் லாஞ்சில் வந்தார்கள். அன்றைக்கென்று காற்று. அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கக் குடலைப் பிரட்டிச் சத்தி எடுத்திருக்கிறார். இறங்குதுறையில் அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கியபோது என் மச்சாள் சந்திரா சும்மா நின்றிருக்கலாம். "மாப்பிளைக்கு எத்தினையாம் மாசம்?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள். மேளக்காரரும் சிரித்துவிட்டார்கள்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிந்திய காலம் அது. இளந்தாரிப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க ஒருவருக்கும் துணிவில்லை. அவரை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகவும், போகமுன் கலியாணத்தை முடித்துவிடுவதாகவும் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மூன்று கிழமைதான் ஒன்றாக இருந்தோம். அதிலும் பாதி நாள் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. நாங்கள் தனியாக இருந்து கதைத்ததைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பின்னேரம் தேறாது. கலியாணத்தைப் பதிவு செய்யப் போக ஒரு நாள் வைத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்து இராணுவச் சுற்றிவளைப்பு, ரோட்டுப் பூட்டு. அடுத்த நாள் அவர் கொழும்புக்கு வெளிக்கிட்டுவிட்டார்.

இரண்டு வருடத்துக்கும் மேலே காத்திருந்து நானும் வந்தேன். கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குக்குள் வந்து, அகதி என்று பதிந்துகொள்கிற எல்லாரும் வந்த வழிதான். என்னை மலைப்பக்கத்து ஊரொன்றில் ஹைம் என்று சொல்கிற அகதி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் பக்கத்து மாவட்டத்தில் வேறொரு ஹைமில். அகதி வழக்கு முடியும்வரை ஒருவர் தன் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. இதுதான் சட்டம்.

"என் புருஷன் அங்கே இருக்கிறார்" என்று அலுவலகத்தில் சொன்னேன். அந்த அதிகாரி இரண்டு பேருடைய தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். அவருடையதில் அவருடைய அப்பாவின் பெயர். இரண்டு குடும்பப் பெயர் இருக்கிறதே, பதிவுப் பத்திரமும் இல்லை, நீங்கள் எப்படிக் கணவன் மனைவி என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அப்பாவின் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிற சாதிசனத்தை அவர் எங்கே கண்டார்? நான் சட்டைக்குள் கையை விட்டுத் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அழகான சங்கிலி" என்றார்.

சந்திக்க அனுமதி கேட்டு இரண்டு பேரும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டோம். உறவு நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே மறுமொழி. அதற்கு முன்னமே அவர் ஒருதரம் களவாக ரயில் ஏறி, வழியில் பொலிஸ் மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. இன்னொருதரம் பிடிபட்டால் வழக்குக்குக் கூடாது என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிதான். ஹைமின் நடைபாதையில் ஒரே ஒரு தொலைபேசி, எனக்குப் பின்னால் வரிசை, வரிசையில் எல்லாருக்கும் காது.

"சுகமோ?"

"சுகம். உமக்கு?"

"சுகந்தான்."

"அங்கை குளிரோ?"

"ஓம். அங்கை?"

"இஞ்சையும் குளிர்தான்."

ஒரு மணித்தியால ரயில் தூரத்தில் இருக்கிற ஊருக்கு வேறென்ன குளிர்? தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்கு வந்தால் அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

4

ஹைமுக்கு வந்து எங்களுக்கு ஜெர்மன் படிப்பிக்கிற எடித் என்ற பெண்மணி இருந்தார். தேவாலயத்து ஆள். பெரிய உடம்பு, பெரிய குரல், எந்த மழைக்கும் சைக்கிளில்தான் வருவார். ஒரு நாள், உன் புருஷன் எங்கே இருக்கிறான், காட்டு பார்ப்போம் என்று ஒரு வரைபடத்தைக் குசினி மேசையில் விரித்தார். மலையேறப் போகிறவர்கள் கொண்டு திரிகிற வரைபடம். மாவட்ட எல்லையைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தது. எடித் அதன்மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். காடு, மலை, பெருந்தெரு, திரும்பவும் காடு. பிறகு விரல் நீலத்துக்குள் இறங்கிவிட்டது.

"டால்ஷ்பெரே!" என்று மேசையில் ஓங்கி அடித்தார். மலைப்பள்ளத்தை மறித்துக் கட்டிய அணைக்குளத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கோடு தண்ணீரின் நட்டநடுவால் போகிறது. இந்தக் கரை என் மாவட்டம், அந்தக் கரை அவருடையது. இரண்டு கரையிலும் வள்ளம் வாடகைக்கு விடுகிறார்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தெருவில் ஒரு எல்லைப் பலகை இருக்குமே, அதன் கீழே ஆளுக்கொரு பக்கத்தில் நின்று கதைத்தால் என்ன என்று கேட்டேன். எடித் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊரில் இந்த நிறத்தோடு இரண்டு பேர் பெருந்தெரு ஓரத்தில் சும்மா நின்று பார், எத்தனை நிமிடத்தில் பொலிஸ் வருகிறது என்று பார்க்கலாம் என்றார். தண்ணீரில் யாரும் யாரிடமும் பத்திரம் கேட்பதில்லையாம். சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்க, நானும் சிரித்தேன். அந்த ஹைமுக்கு வந்த பிறகு வயிறு நோகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சொன்னேன்.

"வள்ளமோ?" என்றார்.

"ஓம்."

"வேறை வழி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

கலியாணத்தன்று மடியில் தலைப்பாகையோடு வந்திறங்கிய முகம் என் கண்ணுக்குள் வந்தது. பாவம், ஏலாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி. வாறன்" என்றார்.

5

முதல் நாளே அரிசிமா வறுத்து வைத்தேன். ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டி இல்லாததால் பானை வாயில் துணியைக் கட்டிப் புட்டு அவித்தேன். டின் மீனைப் பிரட்டலாக்கினேன். எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் வந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டு, எடித் யாரிடமோ இரவல் வாங்கிவந்த காரில் ஏறினேன்.

குளம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. காடு ஒரு இடத்தோடு நின்றுவிட, அதற்குக் கீழே ஒரு புல் பூண்டு இல்லை. மண்ணிறப் பாறை படிபடியாக இறங்கியது. சேறு காய்ந்து ஓடு ஓடாகப் பிளந்து, கால் வைத்தால் நொறுங்கியது. தார் போட்ட பழைய தெருவொன்று மேட்டில் இருந்து இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போனது. ஜெர்மனியைப் பச்சையும் வெள்ளையுமாகத்தான் அதுவரை கண்டிருந்தேன். இப்படி வறண்ட முகமும் அதற்கு இருப்பது ஏனோ எனக்குப் பிடித்திருந்தது.

கொட்டில்காரன் ஒரு வள்ளத்தைக் காட்டினான். நான் தீவுக்காரி அல்லவா, துள்ளி ஏறிப் போகிற திசையைப் பார்த்து இருந்தேன். எங்கள் கரைக்கடலில் தண்ணீர் இடுப்பளவு, கோலை ஊன்றித் தள்ளினால் வள்ளம் போகும். இங்கே இரண்டு துடுப்பு, கோலுக்கு எட்டாத ஆழம். இல்லை இல்லை, மற்றப் பக்கம் திரும்பி இரு என்று அவன் கத்தினான். போகிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டுமாம்! அப்படி இருந்து இழுத்தால்தான் வலு வருமாம். என்ன கண்றாவியான முறை என்று நினைத்தேன். ஆனாலும் திரும்பி இருந்து இழுத்தபோது வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கரையில் எடித் கையசைத்துச் சின்னதாகிக்கொண்டு போனார்.

விடுமுறை நாள், குளம் நிறைய ஆட்கள். எல்லாரும் அரை உடம்போடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் இருந்து ஒரே ஒரு வள்ளம் மட்டும் போவதும் சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. அதில் இருந்தவர் அந்த வெயிலிலும் கழுத்துவரை மிதவைச் சட்டை போட்டு எல்லாக் கொளுக்கியும் பூட்டியிருந்தார். வேறு யாராக இருக்க முடியும்?

அவரையும் அந்தப் பக்கத்துக் கொட்டில்காரன் முறைப்படி இருத்தித்தான் அனுப்பியிருக்கிறான். அவரும் சொன்னதைக் கேட்கிற ஆள். அவர் தன் கரையைப் பார்த்து இழுக்க, நான் என் கரையைப் பார்த்து இழுக்க, இரண்டு பேரும் முதுகால் ஒருவரை நோக்கி ஒருவர் வந்தோம். இரண்டு இழுவைக்கு ஒருமுறை நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை, திரும்பினால் வள்ளம் ஆடும் என்ற பயம். கடைசியில் டமார் என்று முட்டிக்கொண்டோம்.

"என்ட்ஷுல்டிகுங்!" என்றார் அவர், திரும்பாமலே. யாரோ வெள்ளைக்காரரில் மோதிவிட்டதாக நினைத்து ஜெர்மனில் மன்னிப்புக் கேட்கிறார். என் புருஷன் இந்த மண்ணில் என்னிடம் நேரில் சொன்ன முதல் சொல் அதுதான்.

"இஞ்சாருங்கோ, நான்தான்" என்றேன்.

மெல்ல, மிக மெல்ல, இருந்த இருப்பிலேயே அரக்கி அரக்கித் திரும்பினார். மீசையைக் காணவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

"மெலிஞ்சு போனீர்" என்றார்.

"நீங்களும்தான்."

வள்ளம் இரண்டும் விலகத் தொடங்கின. சட்டென்று இரண்டு கையாலும் என் வள்ளத்தின் விளிம்பை எட்டிப் பிடித்தார். பிறகு விடவே இல்லை. "விட்டால் போயிடும்" என்றார். அது சரிதான், ஆனால் சாப்பிடுவது எப்படி? பெட்டியைத் திறந்தேன். மணம் வந்ததும் அவருடைய கண் மாறியது. கை இரண்டும் விளிம்பில். நான் மீன் பிரட்டலில் புட்டைக் குழைத்து, உருட்டி, எட்டி அவருடைய வாயில் வைத்தேன். கலியாண வீட்டில்கூட நான் இப்படி ஊட்டியதில்லை. அங்கே செய்திருந்தால் சந்திரா என்னை ஊரில் வாழ விட்டிருக்க மாட்டாள். பக்கத்தால் போன ஒரு குடும்பம் துடுப்பை நிறுத்திப் பார்த்தது. "குட்டன் அப்பெடிட்!" என்றார் அந்தக் குடும்பத்துத் தகப்பன், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. வாய் நிறையப் புட்டோடு இவர் தலையாட்டினார்.

"பயமில்லையோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தான். கீழை பாக்கேலாது. உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் ஒண்டும் தெரியேல்லை."

இதை அவர் சினிமாக்காரர் மாதிரிச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே கீழே பார்க்கப் பயந்துதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"இப்ப நாங்கள் எந்த மாவட்டத்திலை நிக்கிறம்?"

"நான் என்ரை மாவட்டத்திலைதான். கை மட்டும் உம்மடை மாவட்டத்திலை. பிடிச்சால் கையை மட்டும் உள்ளுக்குப் போடுவினம்."

அடேயப்பா, இந்த மனிசனுக்குப் பகிடியும் வருமா! அன்றைக்கு அவர் வாய் மூடவில்லை. அறைக்காரர்களின் குறட்டை, முதல்முதல் உருளைக்கிழங்கு அவித்துப் பானையை எரித்தது, மச்சாள் கேட்ட கேள்வி இன்னமும் காதுக்குள் கிடப்பது, எல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். எங்கள் இரண்டு பேரிடமும் இவ்வளவு கதை கிடந்ததா என்று எனக்கே அதிசயம். பிறகு, இந்த நாட்டுக்கு வந்த முதல் இரவைச் சொல்லத் தொடங்கினார்.

"ரயிலாலை இறங்கியாச்சு. வெளியிலை வந்தால் ஒரே பனி. காலிலை செருப்பு. விலாசத் தாள் நனைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. எங்கை போறதெண்டு தெரியாமல் ரெலிபோன் பெட்டிக்குப் பக்கத்திலை நிக்கிறன். ஒரு வெள்ளைக்கார மனுசி நாயோடை வந்து என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறா. பொலிசைக் கூப்பிடப் போறா எண்டு நினைச்சன். மனுசி கிட்ட வந்து என்ரை கையைப் பிடிச்சா. பிடிச்சு..."

6

அப்போதுதான் மோட்டர் வள்ளத்தின் சத்தம் கேட்டது. இரண்டு பேர், ஒரே மாதிரிச் சட்டை, தொப்பி. ஒருவன் கையில் ஒலிபெருக்கி. நேராக எங்கள் பக்கம் வந்தார்கள்.

"ஐயோ, விடுங்கோ!" என்றேன்.

"பொறும், பொறும்."

"வழக்கு! விடுங்கோ, போங்கோ!"

அவர் விடவில்லை. பிடித்த பிடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவருடைய விரல்களை விளிம்பில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றிவிட்டுத் துடுப்பைப் போட்டு இழுத்தேன். அவரும் வேறு வழியில்லாமல் இழுக்கத் தொடங்கினார்.

மோட்டர் வள்ளம் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெகுதூரம் நீந்திப் போய்விட்ட ஒருவரைத் திரும்பிவரச் சொல்லத்தான் அவர்கள் வந்தார்கள். பொலிஸே இல்லை, குளத்தில் ஆட்களைக் காப்பாற்றுகிறவர்கள். இது விளங்கியபோது எங்களுக்கிடையில் அரைவாசிக் குளம் கிடந்தது. என் கொட்டில்காரன் நேரம் முடிந்ததென்று மணி அடித்தான். அந்தப் பக்கத்திலும் அடித்தார்கள்.

வரும்போது இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தோம் என்று சொன்னேன் அல்லவா? போகும்போது அந்த முறையால் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு இழுவைக்கும் அவருடைய முகம் சின்னதானது. முதலில் கண் மறைந்தது, பிறகு வாய். கடைசியில் மிதவைச் சட்டையின் செம்மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது. மடியில் பாதிப் புட்டு மிச்சம் இருந்தது. ஹைமுக்கு வந்து அதைச் சாப்பிட முடியாமல் பெட்டியை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

7

அடுத்த வருடம் அவருடைய வழக்கு வென்றது. கலியாணம் செய்துவைத்த ஐயரிடமும் கிராமசேவகரிடமும் கடிதம் வாங்கி, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, எடித் எங்கெங்கோ டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுத்து அலைந்து, என்னை அவரிடம் அனுப்ப வைத்தார். இப்போது எந்த எல்லையும் தாண்டலாம். ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்தக் கதையின் மிச்சத்தைக் கேட்க நினைத்தேன். அவர் அலுமாரிக்கு ஆணி பூட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். பிறகு வேலை வந்தது. நாளைக்கு நாளைக்கு என்று போய், ஒரு கட்டத்தில் கேட்கவே பயமாகிவிட்டது. "எந்த மனுசி?" என்று அவர் கேட்டுவிட்டால்? அந்த நாள் எனக்கு மட்டும்தான் நடந்தது என்று ஆகிவிடுமே.

போன திங்கட்கிழமை செய்தித்தாள் படத்தை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார்.

"வெளிக்கிடுங்கோ" என்றேன்.

"எங்கை?"

"குளத்துக்கு."

"என்னத்துக்கு இப்ப?"

ஐஸ்கிரீம் பெட்டியைப் பையில் வைத்தேன். இப்போது என்னிடம் நீத்துப்பெட்டியும் இருக்கிறது, புட்டு நன்றாக வந்திருந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த முறையும் மழை இல்லைத்தான்" என்றது ஒன்றுதான் வழியில் சொன்னது. வெடித்த சேற்றில் இறங்கும்போது நான் சறுக்கினேன். கையைப் பிடித்தார், தரை வந்ததும் விட்டுவிட்டார்.

அதே கொட்டில்காரன்தான். என்னை அவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? ஒரு வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"இரண்டு" என்று விரலைக் காட்டினேன்.

இதில் நாலு பேர் போகலாம், உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றே தாராளம் என்றான்.

"தெரியும். எனக்கு இரண்டு வேணும்."

"என்னப்பா, விசரே உமக்கு?" என்றார் இவர். "நான் தனிய எப்பிடி வாறது?"

"அண்டைக்கு வந்தனீங்கள்தானே."

சொல்லிவிட்டு ஏறி, முறைப்படி இருந்து, இழுத்தேன். கரைக்கு முகம் காட்டித்தானே போக வேண்டும். அவர் கொட்டிலடியில் நிற்பது தெரிந்தது. கோபமா யோசனையா என்று விளங்கவில்லை. அவர் அப்படியே திரும்பி பஸ் தரிப்புக்கு நடந்தால் என்ன செய்வேன் என்று நான் யோசித்து வைக்கவில்லை. நடுக்குளம் வந்ததும் துடுப்பை உள்ளே எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். குளத்தில் வேறு ஒரு வள்ளமும் இல்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு குனிந்து மிதவைச் சட்டையைப் போட்டார். ஒவ்வொரு கொளுக்கியாகப் பூட்டினார். வள்ளத்துக்குள் காலை வைத்து, எடுத்து, திரும்ப வைத்து ஏறினார். என்னைப் பார்த்தபடி இருந்தார். இழுக்கவில்லை. பிழையான பக்கம் இருந்துகொண்டு துடுப்பைத் தள்ளினார். வள்ளம் நண்டு மாதிரி ஒரு பக்கமாக அரக்கி அரக்கி வந்தது. திரும்பி இரு, மற்றப் பக்கம் திரும்பி இரு என்று கொட்டில்காரன் கரையில் நின்று கையை ஆட்டிக் கத்தினான். சொன்னதைக் கேட்கிற என் மனிசன் அன்றைக்குக் கேட்கவில்லை. என் முகத்தில் வைத்த கண்ணை எடுக்காமல் தள்ளித் தள்ளி வந்தார். செம்மஞ்சள் நிறம் முதலில் தெரிந்தது. பிறகு வாய். பிறகு கண்.

இன்னும் இரண்டு மூன்று வள்ளத் தூரம் இருக்கும்போது தள்ளுவதை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அண்டைக்கு எதிலை விட்டனான்?" என்று கேட்டார்.

பெட்டியின் மூடியைக் கழற்றுகிற சாட்டில் குனிந்து கண்ணைத் துடைத்தேன்.

"மனுசி கையைப் பிடிச்சா" என்றேன். "பிறகு?"